லிட்டருக்குப் பத்து

மகா தாயி,

கல்யாணம் முடிந்து நீ கோவில்பட்டிக்குப் போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. தினமும் போன் பண்ணுகிறாய். அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுகிறாய். போன் என் கைக்கு வந்ததும் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாய், சாப்பிட்டேன் என்கிறேன், அதோடு போன் மறுபடியும் அம்மாவிடம் போய்விடுகிறது. உன்மேல் குறையில்லை. காலமெல்லாம் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் ஓட்டியவனுக்கு இடது காது பாதிதான் கேட்கும். போனில் நான் கத்தித்தான் பேச வேண்டும். கத்திக்கொண்டே பெற்ற பிள்ளையிடம் பிரியமாகப் பேச எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று நம் ஊர் டீக்கடையில் ஒருத்தர், "அண்ணாச்சி, மக அந்த உசரமான வண்டிய வித்துட்டாளா, கூடவே கொண்டுபோயிட்டாளா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல நாலு பேர் கூடிவிட்டார்கள். டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் தோன்றியது, இந்தக் கதையை ஊருக்கெல்லாம் சொல்கிறேன், உனக்கு மட்டும் சொன்னதில்லை என்று. நீ அதற்குள்ளேயே இருந்தாய், உண்மைதான். ஆனால் என் பக்கத்திலிருந்து பார்க்க அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது.

நீ மதுரையில் ஒர்க் ஷாப் வேலையை விட்டுவிட்டு அந்த பிக்கப்பை ஓட்டிக்கொண்டு நம் தெருவுக்குள் நுழைந்த நாளிலிருந்து சொல்கிறேன். மலை எஸ்டேட்டில் ஓடிய பழைய வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும் என்றாய். அதுவரை சரி. ஆனால் ஸ்பிரிங்கையெல்லாம் மாற்றி அதை ஒரு முழத்துக்குத் தூக்கி வைத்திருந்தாய். டிராக்டர் டயருக்குத் தம்பி மாதிரி நாலு டயர். முன்னால் மாட்டுக்குக் கொம்பு வைத்தது போல ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு. கூரைமேல் ஒரு கேரியர், கேரியரில் வரிசையாக லைட்டு. எதிர்வீட்டு ஆடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. அம்மா ஏறிப் பார்க்க ஆசைப்பட்டு, கால் எட்டாமல், உரலை உருட்டிவந்து போட்டு அதன்மேல் நின்று ஏறினாள். எல்லாரும் சிரித்தீர்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். எவ்வளவு கொடுக்கிறது என்று. நீ வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஏழு என்றாய்.

லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர். டீசல் சிக்கனத்துக்காக டிப்போவில் மேடையேற்றிச் சால்வை போர்த்தப்பட்டவன் நான். பஸ் ஸ்டாண்டு கண்ணில் படுவதற்கு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியை அதன் போக்கில் உருளவிட்டுக் கொண்டுபோய் நிறுத்துகிறவன். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் பஸ்ஸே கிட்டத்தட்ட அவ்வளவு கொடுக்கும். என் வீட்டு வாசலில், என் மகள் ஓட்டிவந்து நிறுத்திய வண்டி ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு ஏழு கொடுக்கிறது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றிலிருந்து நம் இருவருக்கும் பேச்சு என்றால் அது ஒன்றுதான். டயரை மாற்று என்பேன். மழை வரட்டும், அப்போ பாருங்க என்பாய்.

மழையும் வந்தது. நம் கரிசல் எப்படியென்று நமக்குத் தெரியும். நாலு தூற்றல் விழுந்தால் போதும், செருப்பு ஒவ்வொன்றும் ஒரு படி மண்ணைச் சுமந்துகொண்டு வரும். பைக்கின் மட்கார்டுக்குள் மண் இறுகிச் சக்கரம் சுற்றாது. அந்த வருஷம் ஊருக்குக் கிழக்கே கருவேலங்காட்டில் விறகை எரித்துக் கரிமூட்டம் போட்டவர்கள், மூட்டைகட்டிய கரியை நடுக்காட்டில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். லாரி தார் ரோட்டைவிட்டு இறங்காது என்று டிரைவர் கையை விரித்துவிட்டான். நீ போனாய். ஓடையில் முழங்கால் தண்ணீர். கரைமேல் ஒரு கூட்டமே நின்றது, நானும் நின்றேன். வண்டி தண்ணீருக்குள் இறங்கி, மறுகரையில் கொஞ்சம் வழுக்கி, நிதானித்து ஏறிப் போனது. திரும்பி வரும்போது பின்னால் கரி மூட்டை, மூட்டைமேல் தார்ப்பாய். சாயங்காலத்துக்குள் அவர்கள் கரி மொத்தமும் ரோட்டுக்கு வந்துவிட்டது. கடைசி நடையில் மூட்டம் போட்டவர்களில் ஒரு அம்மா உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். இறங்கியதும் கரிக்கையோடு உன் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள், உன் முகத்தில் ஐந்து விரலும் பதிந்தது. நான் அன்று வீட்டுக்கு வந்து, எத்தனை லிட்டர் போட்டாய் என்று மட்டும் கேட்டேன். அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

ஆனாலும் நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. உரம், நாற்று, வைக்கோல், கரி என்று நாள் தவறாமல் லோடு இருந்தது. வந்ததில் பாதியை வண்டி குடித்தது. அது உனக்கும் தெரியும். அதனால்தான் நான் பேச்செடுத்தால் உனக்குக் கோபம் வந்தது.

பிறகு உன்னைப் பெண் பார்க்க வந்த நாள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடும் குடும்பம், அப்பா இல்லாத பையன், அம்மாவும் மகனுமாகத் தொழிலை நடத்துகிறார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். நல்ல இடம். எனக்கு இருந்த ஒரே பயம் உன் வண்டிதான். அவர்கள் வந்து இறங்கும்போது வாசலில் அது பூதம் மாதிரி நின்றால் என்ன நினைப்பார்கள்? காலையில் நீ தலைக்குக் குளிக்கப் போன நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு போய், வண்டியைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிறுத்தித் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு வந்தேன். மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தார்ப்பாய் போட்ட பிறகு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. பத்து மணிக்கு என் போன் அடித்தது. ஒரு பெண் குரல், பதற்றமே இல்லாமல் பேசியது. "அண்ணாச்சி, கம்மாக்கரைக்குக் கிட்ட கார் புதைஞ்சிட்டு. கீழ கால் வைக்க முடியல. டிராக்டர் எதுவும் கெடைக்குமா?" ஊரில் இருந்த இரண்டு டிராக்டரும் காட்டுக்குப் போயிருந்தன. நான் தெருவில் நின்று இங்குமங்கும் பார்த்தேன். நீ பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக வாசலுக்கு வந்தாய். போனில் பேசியது உனக்குக் கேட்டிருக்கிறது. வண்டி எங்கே என்றாய். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் என்றேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினாய், சாவியைக் கொடுத்தேன். கேட்காமல் விட்டதற்கு இப்போது நன்றி சொல்கிறேன்.

தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு ஏறப் போனவள் டயரைப் பார்த்து நின்றாய். குனிந்து கையால் தட்டினாய்.

"காத்து யாருப்பா அடைச்சா?"

நான்தான். இரண்டு நாளுக்கு முன்னால் டீசல் போடப் போனபோது நாலு டயரையும் கல்லு மாதிரி அடைத்து வைத்திருந்தேன். டயர் இறுக்கமாக இருந்தால் உருள லேசு, டீசல் மிச்சம். பஸ்ஸில் படித்த பாடம்.

"தார் ரோட்டுக்கு அது சரிதான். இந்தச் சகதியில இவ்வளவு காத்தோட போனா நாமளும் அவியளுக்குப் பக்கத்துல போயி நிக்க வேண்டியதுதான்" என்றாய். பட்டுச்சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு ஆணியை எடுத்து, ஒவ்வொரு டயராகக் குந்தி உட்கார்ந்து வால்வை அழுத்திக் காற்றை இறக்கினாய். நான் காசு கொடுத்து அடைத்த காற்று உஸ்ஸென்று போனது. டயர் தொப்பை போட்டு அகலமாக உட்கார்ந்தது. வீட்டிலிருந்து அம்மாவும் பின்னாலேயே வந்து பார்த்தாள். சேலையில் சகதி படாமல் பார்த்துக்கோ என்று சொல்லுவாள் என நினைத்தேன். "ஏட்டி, சங்கிலிய மறந்துராத" என்றாள்.

கம்மாக்கரையில் வெள்ளைக் கார் ஒன்று கதவு வரைக்கும் கருப்பாகி உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை ஏற்கனவே இறங்கித் தள்ளிப் பார்த்துவிட்டார். வெள்ளை வேட்டி முட்டிக்குமேல் மடிந்திருந்தது, ஒரு செருப்பைக் காணோம். அவர் நம் வண்டியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதை ஓட்டி வந்தது யார் என்று பார்த்தார். உங்கள் இருவருக்கும் நடந்த முதல் பேச்சு எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. நீ ஜன்னல் வழியாகச் சங்கிலியை நீட்டி, "கொக்கிய காருக்கு அடியில இருக்க வளையத்துல மாட்டுங்க. மாட்டிட்டுத் தள்ளி நில்லுங்க, அறுந்தா அடிச்சிரும்" என்றாய். அவர் "சரிங்க" என்றார். சகதியில் மல்லாந்து படுத்து மாட்டினார். எழுந்திருக்கும்போது முதுகெல்லாம் கரிசல், முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அந்த இடத்திலேயே பையனைப் பிடித்துவிட்டது. நீ முதல் கியரில் போட்டு, காலை மெதுவாக எடுத்து, பொறுமையாக இழுத்தாய். கார் ஒரு சத்தம் போட்டு மண்ணைவிட்டு வெளியே வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா, இப்போது உன் அத்தை, இனிமேல் காரில் வரமாட்டேன், இதில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார்கள். நானும் மாப்பிள்ளையுமாக அவர்களைத் தாங்கி ஏற்றினோம். உனக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கப் போகிறார்கள், சம்பந்தம் இத்தோடு முடிந்தது என்று நான் மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அப்போது அவர்கள் உன் பக்கம் திரும்பிக் கேட்டார்கள்.

"எவ்வளவு குடுக்குது?"

எனக்குக் கதவைத் திறந்து குதித்துவிடலாம் போலிருந்தது. ஒன்றிரண்டு கூட்டிச் சொல்லேன் என்று உன்னைப் பார்த்தேன். நீ ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ஏழு" என்றாய்.

"கல்யாணத்துக்குப் பொறவும் ஓட்டுவியா?"

"ஓட்டுவேன்."

"கோயில்பட்டியில இருந்து இங்கன வந்து போறதுக்கே டீசல் தின்னுருமே பிள்ள. தொழில் எப்படி நிக்கும்?"

"நிக்க வைக்கேன்."

உன் அத்தை கொஞ்சம் யோசித்தார்கள். "பத்தாவது குடுக்கணும். பத்து குடுத்தா எங் கடலை லோடையும் நீயே அடிக்கலாம்" என்றார்கள். பிறகு வீட்டுக்கு வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, தையில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை என் வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார். அதை இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்காதே, வைத்துக்கொள்ளட்டும்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை தாயி. உன் அத்தையும் மைலேஜைத்தான் கேட்டார்கள், நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவர்கள் கேட்டது தொழில் நிற்க வேண்டும் என்பதற்காக. நான் கேட்டது அதை நிறுத்துவதற்காக. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்துக்கு நான் டீசல் என்று பெயர் வைத்திருந்தேன். விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உன் வண்டிக்கு முன்னால் நின்றேன். பத்துக்குக் கொண்டுவர என்ன செய்யணும், சொல்லு என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். பிறகு ஸ்பானரை என் கையில் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு வந்த கார்த்திகையும் மார்கழியும் என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். முதலில் வேண்டாத பாரத்தை இறக்கினோம். முன்னால் இருந்த கொம்புத் தடுப்பை இரண்டு பேர் சேர்ந்து தூக்கமுடியாமல் தூக்கினோம். அதை நீ ஆசை ஆசையாக வெல்டு பண்ணியது, கழற்றும்போது உன் முகம் சுருங்கியது. அது இப்போது நம் ஆட்டுக்கொட்டிலுக்குக் கேட்டாக இருக்கிறது. கூரைக் கேரியரும் லைட்டும் காற்றைப் பிடித்து இழுக்கின்றன என்று நீயே சொல்லிக் கழற்றினாய். அம்மா அதன்மேல் வலையை விரித்து மிளகாய் வத்தல் காயப்போடுகிறாள். இப்படி ஒரு வசதியான பொருளை வண்டிமேல் வைத்துக்கொண்டு ஏன் அலைந்தாய் என்று இன்றும் கேட்கிறாள்.

அடுத்து என் லட்சணம் வெளிப்பட்டது. ஒரு நாள் நான் விளாத்திகுளம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். டீசல் முள் சரசரவென்று இறங்கிவிட்டது. நீ குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, சகதிக்காகப் பூட்டிய நாலு சக்கர இழுவையை எடுத்துவிடாமலே தார் ரோட்டில் போய் வந்திருக்கிறீர்கள் என்றாய். டீசல் சிக்கனத்துக்குச் சால்வை வாங்கியவன்! நீ சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாய். நான்தான் முதலில் சிரித்தேன். அதேபோல கியர் விஷயம். சீக்கிரம் டாப் கியருக்குப் போய்விட வேண்டும் என்பது என் பழக்கம். இவ்வளவு பெரிய சக்கரத்தைச் சுற்ற டாப் கியரில் என்ஜின் மூச்சு வாங்குகிறது, ஒரு கியர் குறைத்து ஓட்டினால்தான் டீசல் குறையும் என்று நீ சொன்னாய். நான் நம்பவில்லை. ஒரு வாரம் உன் விதம், ஒரு வாரம் என் விதம் என்று ஓட்டிப் பார்த்தோம். நீ ஜெயித்தாய். நிற்க வேண்டிய இடம் தள்ளியிருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது, லோடு ஏற்றும்போது என்ஜினை நிறுத்துவது, எங்கேயும் பறக்காமல் ஒரே சீராகப் போவது, இதிலெல்லாம் நான் ஜெயித்தேன். நீ ஒத்துக்கொண்டாய்.

சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கோவில்பட்டிக்குப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? வண்டியைத் தூக்கி வைத்ததில் முன்சக்கரம் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது, டயரின் ஓரமெல்லாம் தேய்ந்துவிட்டது என்று அங்கே சொன்னார்கள். வழியில் ஏதோ கருகும் வாடை அடிக்கிறது என்று நான் இறங்கிப் பின்சக்கரத்தில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டேன். பிரேக் விடாமல் பிடித்தபடியே இருந்திருக்கிறது. நீ பாட்டில் தண்ணீரை என் கையில் ஊற்றி, உள்ளங்கையை இழுத்து வைத்து ஊதினாய். ரோட்டோரத்தில் லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பிரேக்கைச் சரிபண்ணி, சக்கரத்தை நேராக்கி, தேய்ந்த டயரைக் கொடுத்துவிட்டு, அதைவிட ஒரு சுற்று சின்னதாக, அகலம் குறைந்த டயர் வாங்கினோம். உயரம் வேண்டும், அகலம் வேண்டாம் என்று கடைக்காரரிடம் நீ பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காற்று அடைக்கும் சின்ன மிஷின் ஒன்றையும் வாங்கிக்கொண்டாய். தார் ரோட்டுக்கு ஒரு அளவு, காட்டுக்கு ஒரு அளவு, அங்கங்கே நின்று மாற்றிக்கொள்ளலாம். உன் அளவும் ஜெயித்தது, என் அளவும் ஜெயித்தது.

பொங்கலுக்கு முன்னால் உன் அத்தை போன் பண்ணி, எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார்கள். வந்து பாருங்கள் என்றாய். விளாத்திகுளம் பெட்ரோல் பங்கில் டேங்கை வாய் வரைக்கும் நிரப்பிக்கொண்டு, கோவில்பட்டி போய் அவர்களை ஏற்றிக்கொண்டு, அதே பங்குக்குத் திரும்பி வந்து மறுபடி நிரப்பிப் பார்ப்பது என்று ஏற்பாடு. அவர்கள் ஒரு டப்பா கடலைமிட்டாயோடு ஏறினார்கள். இந்தத் தடவை யாரும் தாங்கவில்லை, நீ பொருத்தியிருந்த படியில் கால் வைத்துத் தானே ஏறிவிட்டார்கள். வழியில் உன் கையைப் பார்த்தேன், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. ஓடையில் இறங்கும்போதுகூட நீ அப்படிப் பிடித்ததில்லை.

பங்கில் நிரப்பியாயிற்று. மீட்டரைப் பார்த்து உன் அத்தை போனில் கணக்குப் போட்டார்கள். ஒன்பதும் சொச்சமும் வந்தது. பத்து வரவில்லை. "பரவாயில்ல பிள்ள, ஏழுல இருந்து இவ்வளவு வந்ததே பெரிசு" என்று சொன்னார்கள். ஆனால் அவர்கள் குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது. நீ தலையை ஆட்டிக்கொண்டு டேங்க் மூடியைத் திருகினாய், திருகிக்கொண்டே இருந்தாய்.

எனக்கு மட்டும் அந்தக் கணக்கில் ஏதோ இடித்தது. கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் என்பது எனக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் ஆயுசில் பாதி அந்த ரோட்டில்தான் போயிருக்கிறது. மீட்டர் காட்டிய தூரம் அதைவிடக் குறைவு. "மகா, இந்த மீட்டர் பொய் சொல்லுது" என்றேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், பிறகு டயரைப் பார்த்தாய். அப்படியே நெற்றியில் அடித்துக்கொண்டாய். கம்பெனிக்காரன் வைத்த சின்னச் சக்கரம் எத்தனை தடவை சுற்றுகிறது என்று பார்த்துத்தான் மீட்டர் தூரத்தைச் சொல்கிறது. நாம் மாட்டியிருப்பது பெரிய சக்கரம். ஒரு சுற்றுக்கு அது அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. நீ முதலில் பெரிய டயர் மாட்டிய நாளிலிருந்து நாம் இரண்டு பேருமே தப்பான தூரத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம்.

உன் அத்தை எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. "கல்லை எண்ணிருவோம், ஏறுங்க" என்றார்கள். மறுபடி ரோட்டுக்குப் போனோம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லாகச் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வந்தார்கள். ரோட்டோரம் ஆடு மேய்த்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பத்தாவது கல் வந்ததும் மீட்டரைப் பார்த்தோம். ஒன்பதுதான் ஓடியிருந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு மூன்று பேரும் சேர்ந்து கணக்கைத் திருத்திப் போட்டோம். பத்தைத் தாண்டிவிட்டது. உன் அத்தை டப்பாவைத் திறந்து ஒரு கடலைமிட்டாயை உன் வாயில் திணித்தார்கள், இன்னொன்றை என் கையில் வைத்தார்கள். பிறகு, "முதல் லோடு எனக்கு" என்றார்கள். அப்போது நீ அழுதாய். மிட்டாயை மென்றுகொண்டே அழுகிறவளை நான் அன்றுதான் பார்த்தேன்.

கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து நீ புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது, பீரோவும் பாத்திரமும் பின்னால் ஏறியிருக்க, கூறைப்புடவையோடு டிரைவர் சீட்டில் நீ ஏறியதும், மாப்பிள்ளை மாலையைச் சரிபண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்ததும் எல்லாரும் போட்டோ எடுத்துவிட்டார்கள். அம்மா அழுதாள். நான் நாலு டயரிலும் காற்றுப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புத்தி சொல்லாமல் அப்பன் கடிதம் முடியுமா? கொஞ்சம்தான். உன் அத்தை எதையும் முகத்துக்கு நேரே கேட்கிறவர்கள். நீயும் நேராகவே சொல், என்னிடம் செய்ததுபோல வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்லாதே. கோபம் வந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்துவிடு. நாம் வருஷக்கணக்காக ஒரே சண்டையைப் போட்டோம், கடைசியில் பார்த்தால் இரண்டு பேருக்கும் தூரமே சரியாகத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடு. அவருக்கு ஆசை இருக்கிறது, கேட்கக் கூச்சப்படுகிறார், மறுவீட்டுக்கு வந்தபோது ஸ்டியரிங்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை நான் கவனித்தேன். காலையில் வெறும் வயிற்றோடு லோடுக்குப் போகாதே. இங்கே வருவதற்கு உனக்கு லோடு எதுவும் கிடைக்க வேண்டியதில்லை. காலி வண்டியோடு வா. அன்றைக்கு டீசலைப் பற்றி நான் கேட்கமாட்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், இதைத் தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேரும் என்றாள். இரண்டு நாளோ மூன்று நாளோ ஆகும் என்றேன். "பதினோரு மணி பஸ் எப்போ போயிச் சேரும்?" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் அதற்குள் உள்ளே போய், ஒரு பையில் முருங்கைக்காயும் மோர்மிளகாயும் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறாள். கதவைப் பூட்டச் சொல்லிச் சத்தம் கேட்கிறது. உறையில் விலாசம் எழுதவில்லை தாயி. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறேன். எங்களுக்கும் சேர்த்து உலை வை.

அப்பா